வாஞ்சூர்ச் சாவடியில் அக்கா கல்யாணம்

நவம்பர் முதல் தேதி வந்தால் நம் காரைக்காலில் இரண்டு வேலை. ஒன்று விடுதலை நாள் கொடியேற்றம். இன்னொன்று, மறுநாள் கல்லறைத் திருநாள் என்பதால், கல்லறைத் தோட்டத்தில் புல் பிடுங்கிச் சுண்ணாம்பு அடிப்பது. போன தடவையும் நாம் அங்கேதான் சந்தித்தோம். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறவர்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்கக் கை கேட்கிறவர்கள் என்று மிச்சமிருப்பது நாம் கொஞ்சம் பேர்தான். யாருடைய பேத்தியோ போனை நீட்டி, "நீங்கள்லாம் பிரெஞ்சுக்காரனை எதிர்த்துப் போராடுனதைப் பார்த்திருக்கீங்களாமே, சொல்லுங்க" என்று கேட்டாள். நீங்கள் ஆளுக்கொன்று சொன்னீர்கள். ஊர்வலம், கோஷம், கல்வீச்சு, கொடி. நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டேன்.

எனக்குச் சொல்ல இல்லாமல் இல்லை. நான் பார்த்த போராட்டம் என் அக்கா கல்யாணத்துக்குள் நடந்தது. அது போனுக்குள் அடங்காது. அதனால் உங்களுக்காக எழுதுகிறேன். நீங்களும் அந்தக் காலத்துப் பிள்ளைகள்தானே, பாதி சொன்னாலே மீதி தெரிந்துவிடும்.

தருமபுரத்தில் எங்கள் வீடு ஓட்டு வீடு. அப்பா பிரெஞ்சு சர்க்காரின் சிப்பாய். சிவப்புத் தொப்பி, காக்கிச் சட்டை, கையில் தடி. அந்தச் சட்டைக்கு அம்மா கஞ்சி போட்டுக் காயவைத்து, கரிப்பெட்டியால் தேய்ப்பாள். சூடு பட்டதும் சோற்றுக் கஞ்சியும் வேர்வையும் கலந்த ஒரு வாடை கிளம்பும். எனக்கு அப்பா என்றால் அந்த வாடைதான். அதிகம் பேச மாட்டார். சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூடப் பேசாமல் உப்புச் சட்டியை இழுத்துக்கொள்வார்.

எங்களோடு மாமா இருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. அவர்களுடைய பெற்றோர் சின்ன வயதிலேயே இறந்துபோனதால், அம்மா கல்யாணமாகி வரும்போது தம்பியையும் கையோடு அழைத்து வந்துவிட்டாள். அப்பாதான் படிக்கவைத்தார். படித்து முடித்து நகரத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனார் மாமா. அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மாமாவுக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் குறைவு. இரண்டு பேரும் ஒரே தட்டில் முறுக்கு வைத்துக்கொண்டு சண்டை போடுவார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது.

போராட்டம் ஒரே நாளில் வந்து கதவைத் தட்டவில்லை. எங்கள் வீட்டுக்குள் அது முதலில் மாமாவின் வாயில் ஒரு கேள்வியாக நுழைந்தது.

"நாகூர்ல வெள்ளைக்காரன் போயி ஏழு வருஷமாச்சு. இந்தா இருக்கு நாகூரு, மினாரா தெரியுது. நமக்கு மட்டும் என்ன கேடு அத்தான்?"

அப்பா சாப்பிட்டுக் கை கழுவப் போனார்.

பிறகு பள்ளிக்கூடச் சுவரில் பிரெஞ்சுக்காரனை வெளியேறச் சொல்லிக் கரிக்கட்டையால் எழுதிய ஒரு வரி தோன்றியது. அதைச் சுண்ணாம்பு பூசி அழிக்க அனுப்பப்பட்ட சிப்பாய்களில் அப்பாவும் ஒருவர். அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்தபோது மாமா கூடத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அப்பா அவருடைய விரல்களைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நகக் கண்ணெல்லாம் கறுப்பு.

"சீயக்காப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவு" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

அடுத்து நெடுங்காட்டு விவசாயிகள் கூட்டம் போட்டார்கள் என்றார்கள். கோட்டுச்சேரிமேட்டுக் குப்பத்தில் கட்டுமரத்தில் மூவர்ணக் கொடி கட்டிக்கொண்டு கடலுக்குப் போனார்கள் என்றார்கள். கடைத்தெருவில் கதவடைப்பு. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சுக் கொடிக்கு முன்னால் வரிசையில் நிற்க மாட்டேன் என்று மாமா சொல்லிவிட்டார். அன்றைக்கே வேலை போயிற்று. அதற்குப் பிறகு பிரெஞ்சுக் கட்சிக்காரர்கள் சாராயத்தை ஊற்றிக்கொடுத்து வண்டிகளில் அடியாட்களை இறக்கினார்கள். அவர்கள் கையில் தடியும் பாட்டிலும் இருக்கும். யார் வீட்டில் கதர் காய்கிறதோ அந்த வீட்டுக் கதவை உடைப்பார்கள். உங்களில் இரண்டு பேர் வீட்டில் உடைத்திருக்கிறார்கள், நினைவிருக்கும்.

அந்த நாட்களில் எங்கள் ஓட்டின் மேல் கல் விழும். மதியம் விழும், விளக்கு வைக்கிற நேரத்தில் விழும். அப்பா சிப்பாய் என்பதற்காக ஒரு சாரார் எறிந்தார்கள், மாமா காங்கிரஸ்காரர் என்பதற்காக இன்னொரு சாரார் எறிந்தார்கள். எந்தக் கல் எந்தக் கட்சிக் கல் என்று எங்களுக்குத் தெரியாது. ஓடு உடைகிற சத்தம் மட்டும் ஒன்றுதான். பால்காரம்மா வருவதை நிறுத்தினாள். மாதா கோயிலில் எங்கள் பக்கத்துப் பாயில் உட்காருவதை நிறுத்தினார்கள். அக்கா தலைவாரும்போதுகூட ஒரு கண்ணைக் கூரையில் வைத்திருப்பாள்.

இந்தியச் சர்க்கார் எல்லையை இறுக்கியதும் வேறு மாதிரிப் பயம் வந்தது. மண்ணெண்ணெய் வரவில்லை. மைதா வராததால் பேக்கரியில் ரொட்டி நின்றது. விடிகாலையில் தெருவெல்லாம் வீசுகிற ரொட்டி வாசனை இல்லாமல் ஊரே விடியாதது போல இருந்தது. இலுப்பெண்ணெய் விளக்கின் புகையில் அம்மாவின் முகம் கறுத்துத் தெரியும். நாகூர்ப் பக்கம் போகப் பாஸ் வேண்டும், வரவும் பாஸ் வேண்டும். வாஞ்சூரில் சாலைக்குக் குறுக்கே மூங்கில் கட்டை போட்டார்கள். கொஞ்ச தூரம் தள்ளி அந்தப் பக்கத்துக்காரர்களும் ஒரு கட்டை போட்டார்கள். நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத துண்டு ரோடு.

ஒருநாள் மாமா வீட்டுக்கு வரவில்லை. அவரைப் பிடிக்க உத்தரவாகிவிட்டது என்றும், அவர் வரப்பு வழியாக நடந்து நாகூர்ப் பக்கம் போய்விட்டார் என்றும் மீன்காரம்மா வந்து அம்மாவின் காதில் சொன்னாள். கோட்டுச்சேரிமேட்டுக்காரி. கூடையை இறக்குகிற சாக்கில் சொல்லிவிட்டு, "நல்ல கெளுத்தி, வாங்கிக்கங்க" என்று உரக்கக் கூவினாள்.

இதற்கு நடுவில்தான் அக்காவின் கல்யாணம்.

மாப்பிள்ளைக்கு நாகப்பட்டினம். துறைமுக ஆபீசில் குமாஸ்தா. பேச்சு முடிந்தபோது எல்லையில் கட்டை கிடையாது. ஈஸ்டர் பாஸ்கா கழிந்து சித்திரையில் கல்யாணம் என்று வைத்து, மூன்று ஞாயிறும் கோயிலில் ஓலை வாசித்து ஊருக்கு அறிவித்தாகிவிட்டது. அதற்குள் இப்படி. கல்யாணக் கூட்டம் காரைக்காலுக்கு வர அவர்களுக்குப் பயம். பெண்ணை அந்தப் பக்கம் கொண்டு வந்துவிடுங்கள், நாகப்பட்டினத்துக் கோயிலிலேயே தாலி கட்டலாம் என்று மாப்பிள்ளையின் அப்பா சொல்லி அனுப்பினார்.

அப்பா பாஸ் கேட்டு எழுதிக் கொடுத்தார். எல்லோரும் கிடைக்காது என்றார்கள். கேட்ட மறுநாளே கிடைத்துவிட்டது. அம்மாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் போய்வரப் பாஸ். அப்பாவுக்கு இல்லை. கல்யாணத்தன்று அவருக்கு வாஞ்சூர்ச் சாவடியில் டூட்டி போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரப் போலீஸ் அதிகாரி, கொமிசேர் என்போமே, அவரே கூப்பிட்டுச் சொன்னாராம்: "உன் மகளை நீயே வழியனுப்பு."

அம்மாவுக்கு அது பெரிய கருணையாகப் பட்டது. "துரைக்கும் புள்ளகுட்டி இருக்கும்ல" என்றாள். அப்பா அன்றைக்குச் சாப்பிடவில்லை. சாயங்காலம் கிணற்றடியில் அம்மா பாத்திரம் தேய்க்கும்போது போய் நின்றார். நான் சாம்பல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"உன் தம்பிய சாவடிக்கிட்ட வரவேணாம்னு சொல்லிவிடு. கோயில்லயே நிக்கட்டும்."

"ஏன்?"

"வரவேணாம்னா வரவேணாம்."

அம்மா தேய்ப்பதை நிறுத்தினாள். "தாய்மாமன் மாலை போட்டுக் கையப் புடிச்சு அழைச்சிக்கிட்டுப் போகாம அது என்னங்க கல்யாணம்? நான் வளத்த புள்ள அவன். அந்தப் பக்கம் நிக்கிறவன உங்க துரை என்ன பண்ணுவாரு?"

"சொல்றதக் கேளு."

"அவரு சொல்லச் சொன்னாரா?"

"இல்ல."

"பின்ன நீங்களா சொல்றீங்களா? தொப்பி போட்டாக்க மச்சினன்கூட ஆவாதா?"

அப்பா ஒரு வாளித் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டுப் போய்விட்டார். மாமாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

இந்த வயதில் யோசித்துப் பார்க்கிறேன். காரணத்தைச் சொல்லியிருந்தால் அம்மா கேட்டிருப்பாள். ஆனால் காரணம் தெரிந்த மறுநிமிஷம் அவள் கல்யாணத்தையே நிறுத்தியிருப்பாள். அல்லது ஒப்பாரி வைத்து ஊரைக் கூட்டியிருப்பாள். இரண்டில் எதை நினைத்து அவர் வாயை மூடிக்கொண்டாரோ. பேசாமலிருப்பதுதான் பத்திரம் என்று நினைக்கிற மனிதர் அவர். அதுதான் அவர் செய்த தவறு என்று எனக்குப் படுகிறது.

கல்யாணத்தன்று காலையில் மாட்டு வண்டியில் புறப்பட்டோம். அக்காவுக்குச் சந்தன நிறப் பட்டு, தலையில் மெல்லிய வெள்ளை முக்காடு. அந்தப் பக்கத்துச் சுங்கக்காரர்கள் புதுத் துணி எதையும் விட மாட்டார்கள் என்று சொல்லியிருந்ததால், அம்மா இரண்டு புடவையை ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டியிருந்தாள். எனக்கும் இரண்டு பாவாடை. வெயில் ஏற ஏற உள்பாவாடை தொடையில் ஒட்டிக்கொண்டது. திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. அக்கா வாய்க்குள்ளேயே ஜெபமாலை சொல்லிக்கொண்டு வந்தாள்.

வாஞ்சூரில் அப்பா கட்டைக்குப் பக்கத்தில் நின்றார். தொப்பி, தடி, கஞ்சி போட்ட சட்டை. அம்மா முந்தின நாள் தேய்த்துக் கொடுத்தது. கொமிசேர் சாவடி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புளியமரத்துக்குப் பின்னால் ஒரு ஜீப் நின்றது. அதில் ஆட்கள் இருந்தார்கள். நான் பார்த்தேன். குழந்தைக்கு ஜீப் ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

எதிரே, அந்தத் துண்டு ரோட்டின் மறுகோடியில், மாப்பிள்ளை வீட்டார் பனைமரத்து நிழலில் கூடியிருந்தார்கள். பேண்டு வாத்தியக்காரர்கள் நாலைந்து பேர். எல்லோருக்கும் முன்னால் மாமா. கதர்ச் சட்டை, கையில் மாலை. இளைத்துப் போயிருந்தார். எங்களைப் பார்த்ததும் மாலையைத் தூக்கி ஆட்டினார். அந்தப் பக்கத்துக் கட்டையைத் தூக்கிவிட்டார்கள். மாமா துண்டு ரோட்டில் நடந்து வந்தார். எங்கள் கட்டையிலிருந்து ஒரு கை தூரம் வரைக்கும் வந்து நின்றுவிட்டார். அவருக்கும் எல்லை தெரியும்.

அப்பா பாஸை வாங்கிப் பார்த்தார். மனைவி, மக்களுடைய பாஸை யாரோ எவரோ போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். கட்டையைத் தூக்கினார். அக்கா குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் அவள் நெற்றியில் சிலுவை போட்டார். "போம்மா. நிக்காத, போ" என்றார்.

அவள் போயிருக்கலாம். போக மாட்டாமல் நின்றாள். கட்டை தாங்குகிற முளையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா, நீங்க கோயிலுக்கு வரலியேப்பா" என்று அழ ஆரம்பித்தாள். முக்காடு முகத்தில் ஒட்டிக்கொண்டது. "போ, போ" என்று அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அவள் இன்னும் அழுதாள்.

மாமாவால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. "ஏய் அழாதடி, நான் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே முன்னால் வந்து, எல்லையைத் தாண்டிக் காலை வைத்து, அவள் கையைப் பிடித்தார்.

ஜீப் உறுமியது. புளியமரத்துப் பின்னாலிருந்து ஆட்கள் குதித்து ஓடிவந்தார்கள். அம்மா "ஐயோ" என்பதற்குள் அப்பாவின் தடி மேலே போய் மாமாவின் வலது தோளில் இறங்கியது. பச்சை மட்டை முறிவது போல ஒரு சத்தம். மாமா அக்காவின் கையை விட்டார். அப்பா தடியைத் திருப்பி, அதன் நுனியால் அவர் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து குத்தினார். மாமா மல்லாக்க விழுந்து உருண்டார். மறுபடியும் ஒரு குத்து. அவர் துண்டு ரோட்டில் கிடந்தார். அந்தப் பக்கத்துப் போலீஸ்காரர்கள் ஓடிவந்து அவரை அக்குளில் கை கொடுத்து இழுத்துக்கொண்டு போனார்கள். ஜீப்பிலிருந்து வந்தவர்கள் கட்டைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள்.

கொமிசேர் எழுந்து பிரெஞ்சில் கத்தினார். அப்பா விறைப்பாக நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கண் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

அக்கா அழுகையை நிறுத்திவிட்டாள். முகம் வெளுத்துக் கல் மாதிரி ஆகிவிட்டது. "இனிமே எனக்கு அப்பா கிடையாது" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு எல்லையைத் தாண்டி நடந்தாள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். எங்களுக்குப் பின்னால் கட்டை இறங்குகிற சத்தம் கேட்டது.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பெத்த அப்பனே வாசல்ல ரத்தம் பாக்குற வீட்டுல சம்பந்தமா? பேண்டுக்காரங்கள அனுப்பிடுங்கடா" என்றார். மாமா பனைமரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். யாரோ துண்டால் அவர் வலது கையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஐயா, அப்பா இல்லன்னா என்ன, தாய்மாமன் உயிரோடதானே இருக்கேன். பொண்ணு வந்தாச்சு. வாசிக்கச் சொல்லுங்க" என்றார்.

மாப்பிள்ளை தன் அப்பாவைப் பார்த்து, "நடங்கப்பா, சாமியார் காத்துக்கிட்டிருப்பாரு" என்றார். பேண்டு வாசித்தது. கோயில் வாசலில் மாமா இடது கையால் அக்காவை அழைத்துக்கொண்டு போய்ப் பீடத்துக்கு முன்னால் விட்டார். தாலி ஏறியதும் அவர் அப்படியே பெஞ்சில் சரிந்தார். அங்கிருந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தோளெலும்பு முறிந்து கோணலாகச் சேர்ந்தது. சாகும்வரை அந்தக் கை காதுக்கு மேலே தூக்க வரவில்லை.

எங்கள் பாஸில் திரும்பிவரும் உரிமையை ரத்து செய்துவிட்டார்கள். அம்மாவும் நானும் நாகூரில் ஒரு சந்து வீட்டில் தங்கினோம். மாமாவைப் போல ஓடிவந்தவர்கள் சேர்ந்து எடுத்திருந்த வீடு. அம்மா எல்லோருக்கும் சமைத்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு செய்தி வரும். அந்தக் கிராமத்தில் கொடி ஏறிவிட்டது, இந்தக் கிராமத்தில் துப்பாக்கி வெடித்தது. ஒரு வாரம் பத்துப் பேர் ஊர்வலம் என்பார்கள், அடுத்த வாரம் ஊரே திரண்டது என்பார்கள். சுதந்திரம் வந்த அன்றைக்குச் சிப்பாய்கள் வீட்டையெல்லாம் கொளுத்தப் போகிறார்கள் என்று ஒருவர் சொன்னார். அம்மா சோற்றுப் பானையைக் கவிழ்த்துக் கஞ்சி வடித்துக்கொண்டிருந்தவள், கையைச் சுட்டுக்கொண்டாள். அப்பாவின் பெயரை எடுப்பதில்லை. ஆனால் காரைக்காலிலிருந்து யார் வந்தாலும், "சிப்பாய்ங்கள்லாம் நல்லா இருக்காங்களா?" என்று பொதுவாகக் கேட்பாள். "இருக்காங்க" என்று அவர்களும் பொதுவாகச் சொல்வார்கள். அவள் மூச்சு விடுவாள்.

மீன்காரம்மா கட்டுமரத்தில் வந்து ஒருநாள் இறங்கினாள். அவள்தான் சொன்னாள்.

"ஒங்க வீட்டுக்காரரு தொப்பியப் புடுங்கிக் கொட்டடியில போட்டுருந்தாங்க. இப்பத்தான் தொப்பியத் திருப்பிக் குடுத்து விட்டுருக்காங்க. ஆளு பாதியாப் போயிட்டாரு."

"எதுக்கு? தம்பிய அடிச்சதுக்கா?"

"அடிச்சதுக்கு யாரு கொட்டடியில போடுவா? புடிக்காம விட்டதுக்கு. அவரு அமுக்கிப் புடிச்சிருந்தா ஜீப்புல ஏத்தியிருப்பாங்களாம். அடிச்சு அந்தாண்ட தள்ளிவுட்டுட்டாருன்னு துரை குதிக்கிறாரு. கல்யாணம், பாஸு, டூட்டி, எல்லாமே ஒங்க தம்பியப் புடிக்கப் போட்ட வலையாம்ல."

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் தன் இடது கை வளையலை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே என்னை அழைத்துக்கொண்டு நாகப்பட்டினம் போய் அக்காவிடம் சொன்னாள். அக்கா பிடிகொடுக்கவில்லை.

"அப்படின்னா கையப் புடிச்சுத் தள்ளியிருக்கலாம். எலும்ப ஒடைக்கணுமா? மூணு அடி அடிச்சாரும்மா. நான் பக்கத்துல நின்னேன். அவரு மூஞ்சிய நீ பாக்கல, நான் பார்த்தேன்."

மாமாவிடம் கேட்டோம். "எனக்கும் தெரியலக்கா" என்றார் அவர். "அடி விழுந்தப்ப நான் அவரு மச்சினனா, பிரெஞ்சுக்காரன் தேடுற ஆளான்னு எனக்கே தெரியல."

கடைசியில் நவம்பர் வந்தது. கட்டைகளைப் பிடுங்கி எறிந்துவிட்டார்கள். நாங்கள் கூட்டத்தோடு கூட்டமாக வாஞ்சூர் வழியாகவே நடந்து ஊருக்குள் வந்தோம். வழியெல்லாம் கொடி, வெடி, சர்க்கரை. அம்மா யார் கொடுத்த சர்க்கரையையும் வாயில் போடவில்லை. தருமபுரத்துப் பக்கம் புகை தெரிகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே வந்தாள். புகை இல்லை. கொடியேற்றின இடத்தில் சிப்பாய்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பழைய தொப்பியோடேயே புதுக் கொடிக்குச் சல்யூட். அப்பா கடைசி ஆள். மேடையில் மாமாவுக்கு மாலை போட்டார்கள். வாங்கிக்கொள்ள அவரால் ஒரு கையைத்தான் நன்றாகத் தூக்க முடிந்தது.

வீட்டுக் கதவில் சாணி அடித்திருந்தார்கள். ஓட்டில் பாதி இல்லை. மாமா எங்களோடு வந்து, தான் வளர்ந்த கூடத்தில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"கை தூக்க வருதா?" என்றார் அப்பா.

"காது வரைக்கும் வருது அத்தான்."

"எண்ணெய் போட்டுத் தேய்க்கணும்."

"தேய்ச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அத்தான், ஒண்ணு கேக்குறேன், நெசமாச் சொல்லுங்க. என்னைக் காப்பாத்தவா அடிச்சீங்க?"

அப்பா தன் கையைப் பார்த்தார். "அவ்வளவெல்லாம் யோசிக்கலப்பா. ஜீப்பு கெளம்புற சத்தம் கேட்டுச்சு. நீ வந்து நின்ன. எனக்குப் பயமா இருந்துச்சு, கோவமாவும் இருந்துச்சு. கை ஓங்கிடுச்சு."

மாமா அதற்குமேல் கேட்கவில்லை. மறுபடியும் வாத்தியார் வேலை கொடுத்தார்கள். உங்களில் அவரிடம் படித்தவர்களுக்குத் தெரியும், அவர் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும்தான் எழுதுவார்.

அக்கா வரவில்லை. பேறுகாலத்துக்கும் வரவில்லை. அம்மாவும் நானும் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அப்பா எங்களைப் பஸ் ஏற்றிவிட்டு, பிள்ளைக்கென்று பேரீச்சம்பழமோ அல்வாவோ கொடுத்தனுப்புவார். அதைக் கடையில் வாங்கியது என்று அம்மா சொல்வாள். யார் வாங்கியது என்று அக்காவும் கேட்க மாட்டாள். இப்படி எட்டு வருஷம்.

அப்புறம் பிரான்சும் இந்தியாவும் பேசி முடித்து, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் கையெழுத்துப் போடலாம் என்று அறிவித்தார்கள். நம் தெருவில் எத்தனை பேர் ஓடினார்கள், உங்களுக்கே தெரியும். போட்டவர்கள் பிள்ளைகளைப் பாரீசுக்கு அனுப்பினார்கள், பென்ஷன் வாங்கினார்கள், மாடி எடுத்தார்கள். அப்பா முதல் ஆளாகப் போடுவார் என்று தெருவே எதிர்பார்த்தது. எனக்கு அப்போது பதினெட்டு வயது முடியப் போகிறது. கன்னியர் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்திருந்தேன். கனவில்கூடக் கப்பல் வரும். அப்பா போடவில்லை. கெடு முடிகிற வாரம் நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினேன்.

"ஊரே போடுது. வெள்ளைக்காரனுக்காக மாமா கையையே ஒடச்சீங்க. இப்ப அவன் குடுக்குறத வாங்கிக்க என்ன?"

அம்மா "வாய மூடுடி" என்றாள். அப்பா கோபப்படவில்லை. கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மடித்துக்கொண்டே சொன்னார்.

"கையெழுத்துப் போட்டா நான் வெளிநாட்டுக்காரன் ஆயிடுவேன். நாளைக்கே மறுபடியும் ரோட்டுல கட்டை போட்டான்னா? உங்கக்கா வீட்டுக்குப் போவ நான் யாருகிட்டப் பாஸ் கேக்குறது?"

"நீங்கதான் ஒரு நாளும் அவ வீட்டுக்குப் போனதில்லையே அப்பா."

"போனதில்லை. போவலாம்ல?"

தெருவில் அவரைப் பிழைக்கத் தெரியாதவர் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அவர் சொன்னதை மாமாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மாமா அன்று பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே நாகப்பட்டினம் பஸ் ஏறினார். அங்கே போய் அக்காவிடம் என்ன சொன்னார், எவ்வளவு நேரம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. கோணல் கையை நீட்டி, "இது என் கை, இதுக்கு நீ கோவிச்சுக்க வேணாம்" என்றாராம். அது ஒன்றைத்தான் அக்கா பிற்காலத்தில் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து அப்பா முற்றத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தார். வாசலில் நிழல் தட்டியது. அக்கா, இடுப்பில் சின்னவன், கையில் பெரியவள். அம்மா உள்ளேயிருந்து வந்தவள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அப்பா கோடாலியைக் கீழே வைத்தார். எழுந்து, திறந்து கிடந்த சட்டைப் பொத்தான்களை மேலிருந்து கீழே போட்டுக்கொண்டார். பிள்ளைகளை ஒருமுறை, அக்காவை ஒருமுறை பார்த்தார்.

"வழியில எங்கயும் நிறுத்துனாங்களாம்மா?" என்றார்.

"இல்லப்பா" என்றாள் அக்கா. "யாரும் நிறுத்தல."